கயிறு மாறுதல்

குதிரை வாங்கிவரக் காசு கொடுத்து அனுப்பப்பட்ட தமிழர்களுள் பெயர்பெற்றவர் திருவாதவூரர். பாண்டியன் கருவூலத்தைத் திறந்து பொன்னை அள்ளிக் கொடுத்தான். அவர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார். பொன் கோயிற் பணிக்குப் போய்விட்டது. மிகுதியை நாங்கள் எல்லோரும் சிறுவயதில் புராணபடனத்தில் கேட்டிருக்கிறோம். சிவபெருமானே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவருகிறார். ஒப்படைக்கும்போது ‘கயிறு மாறுதல்’ என்றொரு காரியம் நடக்கிறது. விற்பவன் கையிலுள்ள கயிறு வாங்குபவன் கைக்கு மாறிவிட்டால், அதன்பின் அந்த மிருகத்துக்கு வரும் நன்மை தீமை எதுவும் விற்றவனைச் சேராது. அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. பாண்டியன் விற்றவனைத் தேடிப் போகவில்லை. வாங்கிவந்த மந்திரியைப் பிடித்து வைகையின் சுடுமணலில் நிறுத்தினான்.

பக்தி இலக்கியத்தில் நாங்கள் அதிகம் தேறியவர்கள் அல்ல. ஆனால் 2019ஆம் ஆண்டின் பிற்பகுதி முழுவதும் மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களைத் தாண்டி, சேற்றிலும் சாணத்திலும் கால் வைத்து ஒரு குதிரை தேடித் திரிந்தபோது, புராணகாரர் குதிரை வியாபாரத்தை நன்றாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார் என்று பலமுறை பேசிக்கொண்டோம்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். ஒருவர் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. மற்றவர் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில். வீட்டில் ஒரே மகள், அப்போது பதின்மூன்று வயது. இன்னொருவர் ஐயா. எங்களில் ஒருவருக்கு அவர் ஐயா, மற்றவருக்கு மாமா. இந்தக் கட்டுரையில் ஐயா என்றே இருக்கட்டும்.

மகளுக்குக் குதிரைப் பித்து எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகும்போது அவள் கண் கோபுரத்தைத் தேடுவதில்லை, வழியில் வேலிக்குள் மேய்கிற குதிரைகளைத்தான் தேடும். பரதம் பழகினாள், விட்டாள். வயலின் பழகினாள், விட்டாள். குதிரையை மட்டும் விடவில்லை. ஒரு சவாரிப் பள்ளியில் சனிக்கிழமை தோறும் லாயம் கூட்டி, சாணி அள்ளி, அதற்குக் கூலியாக அரைமணி நேரம் சவாரி பழகினாள். இரண்டு வருடம் இப்படி நடந்தது. மழை, குளிர், காய்ச்சல் ஒன்றும் தடுக்கவில்லை. இரண்டு வருடம் சாணி அள்ளிய பிள்ளையிடம் “இது வெறும் ஆசை” என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஊர்ச்சனத்துக்கு விசயம் தெரிந்ததும் வந்த கேள்விகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். “ஏன், காருக்கு என்ன நடந்தது?” என்றார் ஒருவர். “அவுஸ்திரேலியாவில வீடு வாங்கிற காலம் போய் இப்ப குதிரையோ?” என்றார் இன்னொருவர். சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத கேள்வியும் ஒன்று வந்தது. ஊரிலிருந்து எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் தொலைபேசியில், கோபமே இல்லாத குரலில், “அங்கை குதிரைக்கு என்ன சாப்பாடு குடுப்பீங்கள்?” என்று கேட்டாள். மாதாமாதம் அனுப்புவதில் ஒரு சதமும் குறையாது என்று அன்றிரவே தீர்மானித்துக்கொண்டோம். குதிரைக்கென்று இருந்தது ஒரு சீட்டுக்காசு மட்டும்: 5,000 டொலர். அதற்கு மேல் இல்லை.

5,000 டொலருக்குக் குதிரை வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். 500 டொலருக்கும் வாங்கலாம், சும்மாவும் கிடைக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: ஓர்முஸ், கிஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வரும் குதிரைகளை அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறான், ஒவ்வொன்றுக்கும் 100 மார்க் வெள்ளிக்கு மேல் கொடுக்கிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று. காரணமும் சொல்கிறார். பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லையாம், சோற்றோடு இறைச்சி சேர்த்து அவித்துக் கொடுக்கிறார்களாம், லாடக்காரர் எவரும் அந்நாட்டுக்குப் போய்விடாதபடி குதிரை வியாபாரிகளே தடுக்கிறார்களாம். பயணிகளின் கதையில் உப்பும் புளியும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் வாங்கும் விலையை மட்டும் பார்த்து வளர்க்கும் விலையைப் பார்க்காத அரசன் ஒருவன் இருந்தான் என்பதை நம்புவதில் எங்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

ஆகவே குதிரையைத் தேடுமுன் கணக்கை எழுதினோம். இங்கே காணியில்லாதவர்கள் பிறர் காணியில் மாதவாடகைக்கோ கிழமைவாடகைக்கோ குதிரையை மேய விடலாம். அதற்கு அஜிஸ்ற்மென்ற் என்று பெயர். பியர்ஸ்டேல் பக்கம் ஒரு முதியவரின் காணியில் கிழமைக்கு 40 டொலருக்கு இடம் கிடைத்தது, வருடத்துக்கு 2,080. குளம்பு வெட்டுபவர் ஆறு கிழமைக்கு ஒருமுறை வரவேண்டும், லாடம் அடிக்காமல் வெறுங்குளம்பைச் சீவுவதற்கு மட்டும் 60, வருடத்துக்கு 540. ஏற்பு ஊசி, பூச்சி மருந்து 300. பல்லைக் கூராமல் அராவிவிட வருடத்துக்கு ஒருமுறை பல் வைத்தியர் வருவார், 200. குளிர்காலத்துக்குக் காய்ந்த புற்கட்டு 700. மொத்தம் 3,820. குதிரை நோயே இல்லாமல் இருந்தால் வரும் கணக்கு இது. இதைச் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்களில் ஒருவர் ஞாயிறு வேலை ஒன்று கூடுதலாகச் செய்வது என்று முடிவாயிற்று. சீட்டுக்காசில் பழைய சேணம், கடிவாளம், ஃபுளோற் எனப்படும் குதிரை வண்டில் வாடகை, மிருக வைத்தியரின் சோதனைக் கூலி எல்லாம் போக, குதிரைக்கு 2,000 என்று ஒதுக்கினோம். தலைக்கவசம் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். விழுந்து அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உடைந்திருக்கும். அதைப் பழையதாக வாங்குவது பிள்ளையின் தலையைப் பணயம் வைப்பது.

அந்த வருடம் குதிரை மலிவு. நியூ சவுத் வேல்ஸில் 2017இலிருந்தே மழை பொய்த்திருந்தது. புல்லுக்கு விலை ஏற ஏறக் குதிரைக்கு விலை இறங்கியது. இதை வாங்குபவர்கள் நல்ல சகுனமாக எடுக்கக்கூடாது. குதிரை மலிந்த வருடத்தில் தீனி மலிவாக இராது.

மலிவான குதிரைகளில் பெரும்பாலானவை பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. நாங்கள் தேடிக்கொண்டிருந்த அந்த ஒக்ரோபரில்தான் ஏபிசி தொலைக்காட்சி, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரைகள் குவீன்ஸ்லாந்தில் ஓர் இறைச்சிக்கூடத்தில் கொல்லப்படுவதைக் காட்டியது. மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் தொடக்கம் அவள் தேடியது குதிரை அல்ல, காப்பாற்ற ஓர் உயிர். அந்த மனத்தை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் இரக்கத்தில் வாங்கப்படும் குதிரை பழகாத பிள்ளையை எறிந்து முதுகெலும்பை முறித்தால், அந்தக் குதிரை திரும்பவும் அதே இடத்துக்குத்தான் போகும்.

சிட்னி வென்ற்வேர்த்வில்லில் ரக்ஸி ஓட்டுகிற எங்கள் மச்சான் ஒருவர் இந்த நேரத்தில் கதைக்குள் வந்தார். அவருக்குக் குதிரை என்றால் ஒரே ஒரு குதிரை, ‘ரேக் ஓவர் ரார்கெற்’. குவீன்பியனில் ரக்ஸி ஓட்டிய ஜோ ஜானியாக் என்பவர் காலில் கோளாறுள்ள அந்தக் குதிரையை ஏலத்தில் 1,375 டொலருக்கு வாங்கினார். 2006இல் அது இங்கிலாந்தின் றோயல் அஸ்கொற்றில் வென்றது. வாழ்நாளில் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் உழைத்துக் கொடுத்தது. இதெல்லாம் உண்மை. மச்சான் ஒவ்வொரு கிழமையும் இந்த உண்மையைச் சொல்லி, ஏலத்துக்குப் போகச் சொன்னார். ஃபார் லாப்பையும் சேர்த்துக்கொண்டார். 1928இல் ஹரி ரெல்ஃபேர்ட் என்ற, கையில் காசில்லாத பயிற்சியாளர் சிட்னியில் இருந்தபடி ஏலப் பட்டியலில் வம்சாவளியை மட்டும் வாசித்து, நியூசிலாந்தில் அதை 160 கினிக்கு வாங்குவித்தார். காசு போட்ட டேவிஸ் குதிரையைக் கண்டதும் முகம் சுளித்து, பயிற்சிச் செலவுக்கு ஒரு சதமும் தரமாட்டேன் என்றார். அது 1930இல் மெல்பேர்ண் கோப்பையை வென்றது. இன்று அதன் தோல் போர்த்த உருவம் மெல்பேர்ண் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினரை நாங்களும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோம்.

இந்தக் கதைகளில் எங்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்றும் இல்லை என்று மச்சானுக்கு விளக்குவது பெரும்பாடாகிவிட்டது. அவர்கள் தேடியது வேகம். நாங்கள் தேடியது வேகமில்லாமை. ஒரு குதிரைப் பெட்டி காற்றில் பறந்து வந்து முன்னால் விழுந்தாலும் நின்று யோசிக்கிற குதிரை வேண்டும். அதற்குப் பட்டியலில் பக்கமில்லை. 2024 ஏப்ரலில் சிட்னி வார்விக் ஃபார்மில் நடந்த ஏலத்தில் வின்க்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரையின் குட்டி ஒரு கோடி டொலருக்குப் போனது. அன்றும் மச்சான் தொலைபேசி எடுத்தார்.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நெடுந்தீவார். அந்தத் தீவில் போர்த்துக்கேயர் காலந்தொட்டுக் குதிரைகள் உண்டு. ஒல்லாந்தர் வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் தீவுக்கு அதிகாரியாக இருந்து வளர்த்தார். லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. வளர்ப்பைக் கைவிட்டவர்கள் குதிரைகளையும் கைவிட்டுப் போக, அவை தாமாகப் பெருகி, கட்டாக்காலியாய்க் கடற்கரை வெளியில் திரிகின்றன. 2015இல் அந்த வெளியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஐயா குதிரை ஏறியவர் அல்ல. கோடையில் தண்ணீர் தேடிக் கிணற்றடிக்கு வருகிற குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர், அவ்வளவுதான். மற்றப்படி அவர் மாட்டுக்காரர். சவாரி மாடு வளர்த்து வண்டிச் சவாரியில் ஓட்டியவர். 1985 மே 15 குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதன்பின் அவர் தீவை விட்டார்; அந்தக் கடலைத் திரும்பக் கடக்கவில்லை.

மெல்பேர்ணில் ஐயாவின் உலகம் ஓர் அறை, ஒரு ரேடியோ, பின்வளவில் ஒரு முருங்கை. குதிரை பார்க்க வாருங்கள் என்று சும்மாதான் கேட்டோம். செருப்பைப் போட்டுக்கொண்டு முதலில் காரில் ஏறியிருந்தார். பின் இருக்கையிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தையை எங்கள் தேடலின் தலைவாசகமாக வைத்துக்கொண்டோம்:

“பல்லைப் பிறகு பாக்கலாம். முதல்ல ஏன் விக்கிறான் எண்டு கேள்.”

முதற் குதிரை அழகு என்றால் அப்படியொரு அழகு. மண்சிவப்பு, கறுத்த பிடரி, பதினாறு கை உயரம். இங்கே உயரத்தைக் கையால் அளக்கிறார்கள். ஒரு கை நாலு அங்குலம், தோள்மேட்டிலிருந்து நிலம்வரை; சாணும் முழமும் பழகிய எங்களுக்கு இது புதினமில்லை. விலை 900. வலத் தோளில் சூட்டுக்குறி: மேலே ஓர் எண், கீழே 4. கீழெண் பிறந்த பருவத்தின் கடைசி இலக்கம், ஆகவே 2014. இங்கே இந்தச் சாதிப் பந்தயக் குதிரை எல்லாவற்றுக்கும் ஓகஸ்ட் 1தான் பிறந்தநாள். பிறந்த திகதி தெரியாத அகதிகளுக்கு ஜனவரி 1 என்று எழுதிவிடுவதைப் போல. ஐந்து வயது, சரி.

“ஏன் விற்கிறீர்கள்?” என்றோம். நேரமில்லை என்றார் விற்றவர். ஐயா குதிரையின் பிடரிக்குக் கீழே கையை விட்டு எடுத்து எங்களுக்குக் காட்டினார். ஈரம். நாங்கள் வருமுன்பே ஓடவிட்டுக் களைக்கப் பண்ணியிருக்கிறார்கள். முதலில் நீங்கள் ஏறிக் காட்டுங்கள் என்று கேட்டோம்; தமக்கு முதுகுநோ என்றார். சொந்தக்காரர் ஏறாத குதிரையில் எங்கள் பிள்ளை ஏறாது என்பது வீட்டிலேயே போட்ட சட்டம். மகள் முறைத்தாள். மூன்று நாள் கழித்துக் காலையில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போனோம். அந்தச் சாதுவான குதிரை வேலிக்குள் இரண்டு காலில் நின்றது. பிடிக்கப் போனவரை மூன்று சுற்று ஓடவைத்தது. “இன்றைக்குக் காற்று” என்றார் விற்றவர். கொடி அசையாத காலை அது.

வீடு வரும்வரை மகள் அழுதாள். நாங்கள் அந்தக் குதிரையைக் குறை சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது முழுவேகத்தில் ஓடுவதும் பெட்டியில் நிற்பதும். நடுவில் உள்ள வாழ்க்கையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெரிந்தவர் கையில் ஒரு வருடம் இருந்தால் அருமையான குதிரையாகும். விக்ரோறியாவில் அந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஒன்றைப் படித்து இங்கே வேறொன்றைச் செய்யப் பழகியவர்கள் நாங்கள். பழகலாம் என்பது தெரியும். எவ்வளவு நாள் செல்லும் என்பதும் தெரியும்.

இரண்டாவது ஒரு வெள்ளைப் பொனி. இங்கே பதினாலு கைக்கு உட்பட்டது பொனி. பூசணிக்காய் மாதிரிக் கொழுத்து, குழந்தைகளுக்கு என்றே படைத்ததுபோல நின்றது. ஐயா கிட்டப் போகவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, “நிக்கிற நிலை சரியில்லை” என்றார். முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டு நின்றது. குளம்பில் வளையம் வளையமாய்க் கோடுகள். தொட்டால் சூடு. வசந்தகாலத்துப் பசும்புல்லில் சர்க்கரை கூடும். பொனிச் சாதிகளுக்கு அது ஒத்துவராது, இன்சுலின் தாறுமாறாகிக் குளம்புக்குள் அழற்சி வரும், முற்றினால் உள்ளெலும்பு இடம்பெயரும். பஞ்சத்தில் பிழைக்கப் பழகிய உடம்பு செழிப்பில் நோய்ப்படுகிறது. எங்கள் வீட்டில் காலையில் மெற்ஃபோமின் விழுங்குகிறவர்கள் மூன்று பேர். இதற்கு மிருக வைத்தியர் தேவைப்படவில்லை.

இடையில் பார்த்த ஏழெட்டை விட்டுவிடுகிறோம். ஒன்று இருமியது. ஒன்று கடித்தது. ஒன்றின் வயது பன்னிரண்டு என்றார்கள், மேல்வாய்க் கடைவெட்டுப் பல்லில் தோன்றும் கபிலக் கோடு பல்லின் அடிவரை இறங்கியிருந்தது. அந்தக் கோடு பத்து வயதளவில் ஈறோரம் தொடங்கி இருபதில் அடியைத் தொடும். தானமாய்க் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்தால் பார்க்கலாம்.

நவம்பர் முடிவில் கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற குதிரையைக் கண்டு மகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய தலை, நீண்ட காது, மங்கிய கபில நிறம், பதினைந்து கையும் ஓரங்குலமும். பதினாறு வயது. நலமடித்தது. கழுத்தில் குளிர்ச்சூட்டுக் குறி. வண்டில் பந்தயத்தில் ஓடிய ஸ்ராண்டர்ட்பிரெட் சாதி. இந்தச் சாதியை இங்குள்ள குதிரைக்காரர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து எடுத்து வைக்கிற நடை, சவாரிக்குக் குலுக்கும், மேடைக்கு அழகில்லை. அதனால் மலிவு.

ஐயாவின் முகம் மாறியது. “இது வண்டிலில பூட்டினதோ?” என்று இரண்டுதரம் கேட்டார். “பின்னால சில்லுச் சத்தம், பக்கத்தில மற்ற வண்டில், சனத்தின்ர கூச்சல்… எல்லாம் கேட்டு வந்ததுக்கு இனி என்ன பயம்? சவாரி மாடும் இப்பிடித்தான் பிள்ளை. ஓடி முடிஞ்சா அதைப்போலப் பொறுமையான சீவன் இல்லை.”

விற்ற பெண்மணிக்கு அறுபதுக்கு மேல். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதும் காற்சட்டையைச் சுருட்டி முழங்கால் தழும்பைக் காட்டினார். ஏற முடியாது, இருந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். நாங்கள் கேட்குமுன்பே குறைகளைச் சொன்னார்: தனியே நிற்காது, கத்தும்; இடது முன்காலில் பழைய தசைநார்க் காயம், தடை தாண்டக் கூடாது; வயிற்றுப்பட்டியை இறுக்கும்போது காதை மடிக்கும், கடிக்காது. பிறகு எங்களை விசாரிக்கத் தொடங்கினார். எங்கே வைத்திருப்பீர்கள், துணைக்கு வேறு குதிரை உண்டா, பிள்ளை வளர்ந்து போனபின் யார் பார்ப்பது. அகதி விசாரணையில்கூட எங்களிடம் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கவில்லை. வாங்க வந்தவனிடம் காசைத் தவிர வேறொன்றும் கேட்காத விற்பனையாளரிடம் குதிரை வாங்க வேண்டாம் என்று இதைப் படிக்கிற நண்பர்களுக்குச் சொல்வோம்.

அவர் ஏறவில்லை, ஏற முடியாது. பக்கத்துப் பண்ணைப் பெண் ஏறிக் காட்டினாள். பிறகு மகள். முற்றத்தில் ஒரு சுற்று, வீதியில் ஒரு சுற்று. பால் லொறி ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. குதிரை ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது.

விலை 1,800. குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்குப் பதில் மூன்று கிழமை பரீட்சார்த்தமாய் வைத்துப் பார்க்கக் கேட்டோம். எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். நாங்களே கூலி கொடுத்து, விற்பவருக்குத் தெரியாத மிருக வைத்தியர் ஒருவரைப் பிடித்தோம். 420 டொலர். குதிரைக்குக் கொடுக்கும் காசில் இது வீண் என்று பலர் சொல்வார்கள். கண்ணுக்கு விளக்குப் பிடித்தார். இருதயத்தை ஓடுமுன்னும் ஓடியபின்னும் கேட்டார். ஒவ்வொரு காலாக ஒரு நிமிடம் மடித்துப் பிடித்து, விட்டவுடன் ஓடவிட்டுப் பார்த்தார். நோ தெரியாமல் மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று அறிய இரத்தம் எடுத்தார். பின்னங்கால் மூட்டில் வயதுக்குரிய பிடிப்பு உண்டு, நிதானமாக ஏறும் பிள்ளைக்குப் போதும் என்றார். பிறகு கருவிகளைக் கழுவிக்கொண்டே, “இது பதினாறு வயது. இருபத்தைந்து இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். இதன் கடைசி நாளுக்கும் காசு ஒதுக்கி வையுங்கள்” என்றார். ஊசிக்கும், ஐந்நூறு கிலோ உடலை அகற்றுவதற்கும் ஆகும் தொகையைச் சொன்னார்.

எங்கள் கணக்கில் இல்லாத வரி அது. கிழட்டுக் குதிரைதான் எங்களுக்கு இயலுமான குதிரை. அதன் இளமையை வேறு யாரோ செலவழித்துவிட்டார்கள். அதனால்தான் பொறுமை மலிவாகக் கிடைக்கிறது. முதுமையும் சாவும் வாங்குபவர் பங்கு. பக்கத்தில் ஐயா நின்றார். ஆங்கிலம் அவருக்கு விளங்கும், விளங்காததுபோல நின்றார். அந்த மாதமே இன்னொரு சீட்டில் சேர்ந்தோம். என்னத்துக்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

மூன்று கிழமை முடிந்து காசு கொடுக்கப் போன அன்று ஐயா ஒரு பையோடு வந்தார். உள்ளே புதுக் கயிறு. விற்பவனுடைய கயிற்றோடு மாட்டைக் கொண்டுவரக் கூடாது என்பது அவர் வழக்கம். அந்தப் பெண்மணிக்கு எப்படி விளக்குவது என்று நாங்கள் தயங்கும்போதே, அவர் புரிந்துகொண்டு தன் கயிற்றைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். வைத்திருக்க ஏதாவது வேண்டும் என்று தானே நினைத்திருந்தாராம். ஒரு குதிரையையே வைத்திருந்தாலும் காணிக்கு அடையாள எண் வேண்டும் என்பது விக்ரோறியாச் சட்டம். பியர்ஸ்டேல் காணிக்கு அது ஏற்கெனவே இருந்தது. பத்திரத்தில் பெயர் மாற்றி, அன்று பின்னேரமே கொண்டுவந்தோம்.

அதன்பின் ஐயாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வந்தது. வேலியோரக் கதிரையில் இருந்து குதிரையோடு பேசுவார், நெடுந்தீவுப் பேச்சில். முன்னொரு காலம் நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் கப்பலேறி மதராசுக்குப் போயின, ‘வேலர்’ என்று அவற்றுக்குப் பெயர் என்று எங்கோ வாசித்ததை அவருக்குச் சொன்னோம். முதலாம் உலகப் போருக்கு இந்த நாட்டிலிருந்து போன குதிரைகள் 1,36,000 அளவில், நோய்த்தடுப்புச் சட்டத்தாலும் செலவாலும் திரும்பி வந்தது சாண்டி என்ற ஒன்றே ஒன்று, அது மெல்பேர்ண் மரிபேர்ணொங்கில் 1923இல் செத்தது என்றும் சொன்னோம். “ஒண்டாவது வந்துதே” என்றார்.

ஐயா 2022 ஆடியில் காலமானார். மகள் வாகா வாகாவில் மிருக வைத்தியம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முதலில் பியர்ஸ்டேலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பிள்ளை போனபின் யார் பார்ப்பது என்று அந்தப் பெண்மணி கேட்ட கேள்விக்குப் பதில் நாங்கள்தான். ஒருநாளும் குதிரையில் ஏறாத இரண்டு பேர். இப்போது அதற்கு இருபத்திரண்டு வயது. கடைவாய்ப் பல் தேய்ந்து புல்லை மென்று உருண்டையாக்கித் துப்புகிறது. ஆகவே நறுக்கிய புல்லையும் தீனிக்குறுணியையும் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியாகக் கொடுக்க வேண்டும். இரவு வேலை முடித்து வருபவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் போகிறோம். இரண்டாவது சீட்டு எப்போதோ முடிந்து, காசு வங்கியில் கிடக்கிறது.

போன மாதம் பெருமழைக்குப் பிறகு வலது முன்காலை ஊன்றாமல் நின்றது. இருவரும் வேலைக்குப் போகவில்லை. லாடக்காரர் வந்து குளம்பைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் கத்தியை வைத்துச் சீவினார். கறுப்பாய்ச் சீழ் வடிந்தது. கட்டுப் போட்டு, 90 டொலர் வாங்கிக்கொண்டு, நாலு நாளில் நடக்கும் என்றார். மூன்றாம் நாளே வாளியைத் தேடி வேலிக்கு வந்துவிட்டது.